குளிர்கால மாதங்களும் மாணவரின் படிப்பு ஊக்கமும்

குளிர்காலத்தில் மாணவரின் படிப்பு தளர்வது, பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளின் பள்ளிகளில் ஆண்டுதோறும் எழும் சிக்கல். செப்டம்பரில் புது நோட்டுகளோடு தொடங்கிய உற்சாகம் நவம்பர் நடுவில் வடியத் தொடங்குகிறது. ஜனவரியில் வீட்டுப்பாடம் தேங்குகிறது, காலையில் தாமதமாக வருவோர் கூடுகிறார்கள், வகுப்பில் கை தூக்குவோர் குறைகிறார்கள். மார்ச்சில் பகல் நீளும்போது நிலைமை மெல்லச் சீராகிறது.

இதன் கடுமை ஊருக்கு ஊர் மாறும். டிசம்பர் 21ஐ ஒட்டிவரும் மிகக் குறுகிய பகல்கூடச் சென்னையில் சுமார் 11 மணி 20 நிமிடம் நீள்கிறது. டொராண்டோவில் அது 9 மணிக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் 8 மணிக்கும் குறைவு. ஆஸ்லோவிலும் ஹெல்சின்கியிலும் 6 மணியை எட்டுவதில்லை. நார்வேயின் வடகோடியிலுள்ள டிரோம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலைகாட்டுவதே இல்லை. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் புலம்பெயர்ந்தவர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோவில் ஜனவரித் தொடக்கத்தில் சூரிய உதயம் காலை 7.50 மணிக்கு, ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழும்போது வெளியே இருட்டு. பகல் முழுவதும் வகுப்பறையின் குழல் விளக்கு, மதிய உணவும் கட்டடத்துக்குள்ளேயே. மாலையில் கூடைப்பந்துப் பயிற்சியையோ நூலகத்தையோ முடித்துக்கொண்டு பேருந்துக்கு நிற்கும்போது மறுபடியும் இருட்டு. இப்படியே வாரத்தில் ஐந்து நாளும் கழிகின்றன.

இந்தத் தளர்ச்சியைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் வீடுகளிலும் உண்டு, ஆசிரியர் அறைகளிலும் உண்டு. அந்த முடிவுக்கு எதிரான சான்று பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வில், 28 இளைஞர்களை ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் நான்கரை நாள் வெளிச்சமும் நேரமும் தெரியாத ஆய்வகத்தில் தங்கவைத்து, கவனத்தைச் சோதிக்கும் பணிகளைக் கொடுத்து, மூளையின் இயக்கத்தைப் படம்பிடித்தார்கள். பணியில் அவர்கள் காட்டிய திறன் பருவத்துக்குப் பருவம் மாறவில்லை. ஆனால் கவனத்தைத் தக்கவைக்கும்போது மூளை இயங்கிய அளவு கோடையின் நீண்ட பகலை ஒட்டி உச்சத்திலும், குளிர்காலத்தின் குறுகிய பகலை ஒட்டி அடிமட்டத்திலும் இருந்தது. சிறிய ஆய்வுதான், பங்கேற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ஆயினும் பள்ளிகளில் காணப்படுவதோடு அது பொருந்துகிறது. ஜனவரி மாதத்து மாணவருக்குக் கணக்கு மறந்துபோவதில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் அந்த முதல் ஐந்து நிமிடம்தான் மலையாகத் தெரிகிறது. ஆகவே குளிர்காலத்தில் மாணவருக்குச் செய்யும் உதவி பெரும்பாலும் தொடங்குவதை எளிதாக்கும் உதவியாகவே இருக்க வேண்டும்.

முதற்காரணம் வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனிவகைச் செல்களும் உள்ளன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சனும் உடன் ஆய்ந்தோரும் 2002இல் இவை ஒளியை நேரடியாக உணர்வதை நிறுவினர். நீல ஒளிக்கு இவை கூடுதலாகக் கிளர்ச்சியடைகின்றன. இவற்றின் செய்தி மூளையின் அடிப்பகுதியில் உள்ள உடல் கடிகாரத்துக்குப் போகிறது. அந்தக் கடிகாரம் மெலடோனின் என்ற ஹார்மோனை இரவில் சுரக்கவும் காலையில் நிறுத்தவும் செய்கிறது. காலை வெளிச்சம் போதாதபோது கடிகாரம் பின்தங்குகிறது. எழுந்து நடமாடினாலும் உடல் இன்னும் இரவில்தான் இருக்கிறது. வகுப்பறையில் மேசை மீது விழும் ஒளி வழக்கமாக 300 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய குளிர்கால நண்பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். கண்ணுக்குப் பிரகாசமாகத் தோன்றும் அறை, உடல் கடிகாரத்தின் அளவுகோலில் அந்தி நேரம்தான்.

பருவத்தையொட்டி வரும் மனச்சோர்வை மருத்துவ உலகில் பெயரிட்டு விவரித்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின், குளிர்காலங்களில் தம் உடலில் சுறுசுறுப்பு வற்றுவதை அவரே கவனித்திருந்தார். 1984இல் அவரும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சக மருத்துவர்களும் 29 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையைத் தொடங்கிவைத்தது. இரண்டாண்டு கழித்துச் சிறுவரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இதே நிலையை அவர்கள் பதிவு செய்தனர். எரிச்சலும் களைப்பும் பள்ளியில் தடுமாற்றமும் அதில் அடக்கம். எதிர்க்கருத்தும் வலுவாகவே உள்ளது. 2016இல் அமெரிக்காவில் 34,000க்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் விடைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, மக்கள்தொகை அளவில் மனச்சோர்வு குளிர்காலத்தில் கூடுவதாகக் காணவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது: குளிர்காலம் எல்லோரையும் நோயாளியாக்குவதில்லை. சிலரை உண்மையிலேயே வீழ்த்துகிறது; மற்றவர்களுக்கு மருந்து தேவைப்படாத, ஆனால் அன்றாடப் படிப்பைக் கெடுக்கப் போதுமான மந்தத்தைத் தருகிறது. பள்ளிகள் பெரும்பாலும் கையாள வேண்டியது இந்த இரண்டாம் கூட்டத்தை.

வளரிளம் பருவத்தில் தூக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பருவமடையும் வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கி நகர்வதைத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடனின் பல்லாண்டு ஆய்வுகள் காட்டின. இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராதது இந்த வயதில் பிடிவாதமல்ல. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். காலை இருட்டு கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ள, இரவில் முகத்தருகே பிடித்த கைபேசியும் அதற்குத் துணைபோக, தூக்கக் கணக்கில் தினமும் ஒரு மணி, ஒன்றரை மணி கடன் விழுகிறது.

தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு நல்ல பழக்கம் இங்கே எதிராக வேலை செய்வதுண்டு. விடியற்காலையில் எழுந்து படித்தால் மனத்தில் பதியும் என்று யாழ்ப்பாணத்திலும் தஞ்சையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை எழுப்பியிருக்கிறார்கள். மார்கழியிலும் ஆறரை மணியளவில் சூரியன் எழும் ஊரில், எட்டரை ஒன்பதுக்குள் படுத்துவிடும் பிள்ளைக்கு அது சரியாகவே இருந்தது. டொராண்டோ ஜனவரியில் காலை ஐந்து மணி என்பது சூரியன் எழ இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும் நள்ளிரவின் நீட்சி. அங்கே அப்படி எழுப்புவது பிள்ளையின் ஆழ்ந்த தூக்கத்தைப் பறித்து, அரைத்தூக்கத்தில் படிக்கவைப்பதாக முடிகிறது. அதே ஒரு மணி நேரத்தைப் பள்ளி விட்டு வந்து சிற்றுண்டி முடித்த கையோடு ஒதுக்கினால் பலன் கூடும். பழக்கத்தின் நோக்கம், அதாவது தெளிந்த மூளையோடு படிப்பது, அப்போதும் நிறைவேறுகிறது.

பள்ளி தொடங்கும் நேரத்தை மாற்றுவது இதற்கான பெரிய தீர்வு. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது மாணவரின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் தாமத வருகையும் வராமையும் குறைந்தது அதைவிட முக்கியமான செய்தி. கலிஃபோர்னியா பள்ளிகள் தாமதமாகத் தொடங்குவதைச் சட்டமாக்கி 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எதிர்த்திசையில் நடந்த சோதனையும் வரலாற்றில் உண்டு. எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா 1974 ஜனவரியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, கோடை நேரத்தையே குளிர்காலத்திலும் வைத்துக்கொண்டது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்கு நடப்பதைக் கண்ட பெற்றோரின் எதிர்ப்பு வலுத்து, அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

நேரத்தை மாற்ற இயலாத பள்ளியும் பகலின் வெளிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும். ஃபின்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிட இடைவேளை விடுவது வழக்கம். கடுங்குளிர் நாள்களைத் தவிரப் பிள்ளைகள் பனியிலும் வெளியே போகிறார்கள். வெளிச்சமும் ஓட்டமும் ஒரே கால் மணியில் கிடைக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009இல் நடந்த ஓர் ஆய்வில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்தபின் கவனச் சோதனையில் மேலும் நன்றாகச் செய்தார்கள். வட அமெரிக்காவில் குளிர் என்றால் உள்ளேயே உட்காரவைக்கும் போக்கு பரவியிருக்கிறது. ஆடை போதுமானதாக இருக்கும் நாளில் அது பிள்ளைகளுக்கு நட்டம். ஆடை போதாத பிள்ளை இருந்தால், பனிக்கால்சட்டையும் கையுறையும் பள்ளியிலேயே சில இருப்பு வைப்பது எந்த ஊக்க உரையையும்விடப் பயன் தரும்.

கட்டடத்தின் பங்கும் உண்டு. ஸ்வீடனில் 1992இல் வெளியான ஆய்வொன்று, ஜன்னல் இல்லாத வகுப்பறைகளில் ஓராண்டு படித்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் உடலில் கார்ட்டிசால் ஹார்மோனின் பருவச் சுழற்சி குலைவதையும், அது அவர்களின் கவனத்தோடு தொடர்புற்றிருப்பதையும் கண்டது. கலிஃபோர்னியாவில் 1999இல் நடந்த பெரிய ஆய்வு, பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்பறையில் கணக்கும் வாசிப்பும் விரைவாக முன்னேறியதாகச் சொன்னது; அதே குழு 2003இல் வேறொரு மாவட்டத்தில் செய்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி நன்மை செய்ததும் கண்கூச்சம் கெடுதல் செய்ததும் மட்டும் தெரிந்தன. சான்று முழுமையாக இல்லாவிட்டாலும் திரைச்சீலையை விலக்குவதற்கும், காலையில் சோர்ந்திருக்கும் பிள்ளையை ஜன்னலருகே உட்காரவைப்பதற்கும் செலவில்லை.

அடுத்தது நாள்காட்டி. டொராண்டோ அமைந்த ஒன்டாரியோ மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் முதற்பருவத் தேர்வு ஜனவரிக் கடைசியில் வருகிறது. மாகாண அரசு 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டு நெறி, மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டைப் பருவ இறுதி மதிப்பீட்டுக்கு ஒதுக்கியது. ஆண்டின் மிக இருண்ட வாரங்களில் ஆண்டின் மிகப் பெரிய சுமை விழுகிறது. அது முடிந்த சில நாளில் அடுத்த பருவம் தொடங்கி, பிப்ரவரியின் குடும்ப நாள் என்ற ஒரே பொது விடுமுறையோடு மார்ச் நடு வரை ஓடுகிறது. ஸ்வீடன் இதைத் தற்செயலாகத் தீர்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் எரிபொருளை மிச்சம்பிடிக்கப் பள்ளிகளை ஒரு வாரம் மூடினார்கள். பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாதென்று பனிச்சறுக்கும் விளையாட்டும் ஏற்பாடு செய்தார்கள். போர் முடிந்தும் அந்த விடுமுறை நிலைத்துவிட்டது. நார்வேயும் ஃபின்லாந்தும் பிப்ரவரியை ஒட்டி இத்தகைய ஒரு வாரத்தை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக் கொடுக்கின்றன.

காஷ்மீரில் இந்தக் கேள்வி அரசியல் வரை போனது. டிசம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை அங்கே பள்ளிகள் மூடியிருக்கும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் சில்லை கலான் கடுங்குளிரில் புகாரி அடுப்பைச் சுற்றியே குடும்பம் உட்கார்ந்திருக்கும், மின்வெட்டும் சேர்ந்துகொள்ளும். பழைய முறையில் ஆண்டுத் தேர்வு அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும். 2022இல் நாட்டின் பிற பகுதிகளைப் போல அது மார்ச்சுக்கு மாற்றப்பட்டது. 2024இல் ஒன்பதாம் வகுப்பு வரை மறுபடி நவம்பருக்கே திரும்பியது. மார்ச்சில் தேர்வு என்றால் ஆசிரியரும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் தனியே தயாராக வேண்டிய காலமாகக் குளிர்காலம் ஆகிறது. நவம்பரில் தேர்வு என்றால் அழுத்தம் இல்லை, ஆனால் இழுத்துப்பிடிக்கவும் எதுவும் இல்லை. அந்த இடைவெளியைத் தனியார் டியூஷன் நிரப்புகிறது, கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. மின்சாரமும் ஆசிரியர் துணையும் எட்டாத வீட்டுப் பிள்ளைக்குக் குளிர்காலத்தில் தேர்வுச் சுமை வைக்காததே நியாயம்.

பனிப்புயலுக்காகப் பள்ளி மூடும் நாள்கள் பெற்றோரை அதிகம் கவலைப்படுத்துகின்றன. அவ்வளவு கவலை தேவையில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு பொருளியலாளர் ஜோஷுவா குட்மன் 2014இல் காட்டியபடி, எல்லோருக்கும் சேர்த்து விடும் விடுமுறை தேர்ச்சியைப் பாதிக்கவில்லை; தனித்தனியே வராமல் போகும் நாள்களே பாதித்தன. வகுப்பு முழுவதும் நின்றால் ஆசிரியர் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறார். காய்ச்சலால் மூன்று நாள் வராத ஒரு பிள்ளைக்காக வகுப்பு நிற்பதில்லை. குளிர்காலம் சளிக்காய்ச்சலின் காலமும் என்பதால் இந்த உண்மைக்கு எடை கூடுகிறது. திரும்பி வரும் பிள்ளையிடம் விட்டுப்போன அத்தனையையும் எழுதிவா என்று சொன்னால் அது மறுநாளும் வர யோசிக்கும். விட்டுப்போனதில் அடுத்த பாடத்துக்கு அவசியமான இரண்டு பக்கத்தைக் குறித்துக் கொடுத்து, பக்கத்து இருக்கை நண்பரின் நோட்டை வாங்கித் தரும் ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்.

இனி உளவியல் சொல்வது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1980களில் வகுத்த கோட்பாட்டின்படி, உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று தேவை: தானே தேர்ந்துகொள்ளும் உரிமை, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு. குளிர்காலம் மூன்றையும் அரிக்கிறது. பரிசு காட்டி இழுப்பது உடனடித் தீர்வாகத் தோன்றும். ஆனால் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் மழலையர் பள்ளியில் செய்த சோதனை எச்சரிக்கிறது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட பிள்ளைகளில், தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், பிறகு தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் பாதியாகக் குறைந்தது. ஆசையே இல்லாத வேலையைத் தொடங்கிவைக்கச் சிறு பரிசு உதவலாம். ஆசையோடு வாசிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை வைப்பது தவறு.

இவற்றில் மிகவும் பயன்படுவது பீட்டர் கோல்விட்சர் ஜெர்மனியில் செய்த ஒரு சோதனை. அது குளிர்கால விடுமுறையிலேயே நடந்தது. கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவது என்று முன்பே தீர்மானித்துக்கொண்டவர்களில் நான்கில் மூவருக்கு நெருக்கமானோர் முடித்தார்கள். அப்படித் தீர்மானிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். நன்றாகப் படிக்க வேண்டும் என்ற உறுதிமொழியைவிட, நாலரை மணிக்குச் சமையலறை மேசையில் வேதியியல் மூன்றாம் பயிற்சி என்ற ஒற்றை வரி அதிகம் செய்கிறது. பணியும் அந்த வரியில் அடங்கும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். பத்து நாள் கழித்து ஒப்படைக்க வேண்டிய கட்டுரை என்று ஜனவரியில் சொன்னால் ஒன்பது நாள் வீணாகும். நாளை ஒரு பத்தி, வெள்ளியன்று இரண்டாவது என்று கேட்டால் அதே கட்டுரை வந்துசேரும். இரண்டு தலைப்பில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவிட்டால் உரிமையும் கிடைக்கிறது. நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் மறதி குறைகிறது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் மிக உறுதியாக நிலைநாட்டப்பட்ட முடிவு. ஆகவே குளிர்கால மாலைகளில் அரை மணி நேரப் பகுதிகளாகப் படிப்பது சமரசமல்ல, நல்ல முறையே.

பிணைப்பைப் பொறுத்தவரை வடநாட்டவரிடம் கற்க நிறைய உண்டு. டிரோம்சோவில் தங்கி ஆராய்ந்த காரி லைபோவிட்ஸும் யோர் விட்டர்சோவும், குளிர்காலத்தை வாய்ப்பாகக் காணும் மனப்பாங்கு நார்வேயின் தெற்கைவிட வடக்கில் கூடுதலாக இருப்பதையும், அது வாழ்க்கை நிறைவோடு சேர்ந்தே வருவதையும் 2020இல் எழுதினர். மனப்பாங்கு நிறைவைத் தருகிறதா, நிறைவு மனப்பாங்கைத் தருகிறதா என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. ஆனால் அந்த ஊர்கள் குளிர்காலத்துக்குள்ளேயே எதிர்பார்க்க ஏதோ ஒன்றை வைத்திருக்கின்றன. ஜனவரி 21ஐ ஒட்டிச் சூரியன் திரும்பும் நாளில் டிரோம்சோவில் ஜாம் வைத்த சூரிய பன் இல்லாத அடுமனை இல்லை. இன்னும் வடக்கே லோங்யர்பியனில் மார்ச் 8 அன்று பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் முதல் வெயில் விழுவதைக் காணப் பிள்ளைகள் கூடி, சூரியனை உரக்கக் கூப்பிடுகிறார்கள்.

கனடாத் தமிழர்க்கும் அப்படி ஒன்று கையில் இருக்கிறது. தைப்பொங்கல் விழும் ஜனவரி மாதத்தை ஒன்டாரியோ மாகாணம் 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. தேர்வுக்கு முந்தைய இருண்ட வாரங்களில் பள்ளி மண்டபத்தில் பொங்கல் வைப்பதும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பிள்ளைகள் ஒன்றுகூடி நாடகம் ஒத்திகை பார்ப்பதும் படிப்பு நேரத்தைத் தின்பதாகச் சில பெற்றோர் தடுக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை நண்பர்களோடு ஒத்திகைக்குப் போகும் பிள்ளை, தனியறையில் நாலு மணி நேரம் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடக் குறைவாகப் படிப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, முதல் பனியைக் கண்டவர்கள் நடுவே நின்று பேசக் கிடைக்கும் இடமும் அதுவே.

உணவில் வைட்டமின் டி பற்றிய அறிவுரை தெளிவானது. சூரிய ஒளி குறையும் இலையுதிர், குளிர்காலங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பிரிட்டன் அரசு எல்லோருக்கும் பரிந்துரைக்கிறது. தெற்காசியர் உள்ளிட்ட கருநிறத் தோலினருக்கு ஆண்டு முழுவதும். அது எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது. படிப்பில் ஊக்கம் பிறக்கும் என்று நம்பிக் கொடுப்பதற்குப் போதிய சான்று இல்லை.

சில பிள்ளைகளுக்கு இவை எதுவும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் சோகமோ எரிச்சலோ, விருப்பமான விளையாட்டிலும் பாட்டிலும்கூட நாட்டமின்மை, அளவுக்கு மீறிய தூக்கம், மாவுப்பண்டங்களில் அடங்காத பசி, நண்பர்களை ஒதுக்குதல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அன்றைக்கே. சென்ற ஆண்டும் இதே மாதத்தில் இப்படித்தான் இருந்ததா என்று மருத்துவர் கேட்பார் என்பதால், வருகைப் பதிவையும் மதிப்பெண் அட்டையையும் கையோடு கொண்டுபோவது நல்லது. 10,000 லக்ஸ் தரும் ஒளிப்பெட்டியின் முன் காலையில் அரை மணி உட்காரும் சிகிச்சை பெரியவர்களுக்கு நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ளது. கண்நோய் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும் அது தீங்கு செய்யக்கூடும். ஆகவே கடையில் வாங்கிவந்து பிள்ளையின் மேசையில் வைக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் தேவைக்கேற்ப உண்டு. சிகிச்சை நடக்கும் வாரங்களில் பள்ளி ஒப்படைப்புத் தேதிகளைத் தள்ளிவைத்துத் தர, வழிகாட்டி ஆசிரியரிடம் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.